சட்டைப் பைக்குள் போன கேள்வி

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்குப் பாலியல் கல்வி எடுக்கிறேன். இந்த ஆண்டு ஓரினச்சேர்க்கை பற்றியும் பேசலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ‘இல்லாத எண்ணத்தை விதைக்காதீர்கள்’ என்கிறார்கள் பெற்றோர். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இதனால் உண்மையிலேயே நன்மை உண்டா? எந்த வயதில் தொடங்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாடம் நடத்தி ஈர்ப்பை வரவழைக்க முடியுமென்றால், ஆண்-பெண் உறவை மட்டுமே பேசிய இத்தனை காலத்து வகுப்புகளிலிருந்து ஒரு தன்பாலீர்ப்பாளர்கூட வந்திருக்க மாட்டார். விதைப்பதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குப் பொறுமை இல்லை. வயதுவாரியாக என்ன சொல்லலாம் என்பது யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்தியது நீங்கள் எழுதிய சொல். பதினான்கு வயதுப் பையன் யாரோடு ‘சேர்ந்தான்’? முன்வரிசைப் பையன் திரும்பிச் சிரித்தால் இவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு பெண் சிரித்து அப்படி ஆகியிருந்தால் ‘வயசுக் கோளாறு’ என்று நீங்களே சிரித்திருப்பீர்கள். இவனுக்கு மட்டும் எடுத்த எடுப்பிலேயே படுக்கையறையா? தன்பாலீர்ப்பு என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கைநடுங்காமல் கரும்பலகையில் எழுதினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

எங்கள் உயிரியல் ஆசிரியர் அந்தக் காலத்துக்குத் துணிச்சல்காரர். கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போடச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பிரித்து, உரக்கப் படித்து, பதில் சொன்னார். ஒரு சீட்டை மட்டும் பிரித்துப் பார்த்தவர், நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

அது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் சீட்டு. இருபது ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னான். ஆசிரியர் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தில், அன்றிரவே எழுத்துகளை இடப்பக்கம் சாய்த்து எழுதப் பழகியிருக்கிறான். இன்றும் அப்படித்தான் எழுதுகிறான். நானோ அதை அவனுடைய பந்தா என்று வருடக்கணக்கில் கேலி செய்திருக்கிறேன்.

பேசாமல் இருந்துவிட்டால் வம்பில்லை என்று உங்கள் பள்ளி நினைக்கும். பிரிட்டனில் 1988இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளிகளை நடத்திய உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது. அந்தப் பிரிவின்கீழ் எந்த ஆசிரியரும் தண்டிக்கப்படவில்லை. பயமே போதுமானதாக இருந்தது. கேலிக்கு ஆளான மாணவனுக்காக வாய்திறக்கக்கூடப் பலர் தயங்கினார்கள். இங்கிலாந்தில் அது நீங்க 2003 ஆயிற்று.

நன்மை உண்டா என்றுதானே கேட்டீர்கள்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளைப் பற்றி 2001இல் ஓர் ஆய்வு வந்தது. எச்.ஐ.வி. பாடத்தில் தன்பாலீர்ப்புள்ள மாணவர்களையும் மனத்தில் வைத்துப் பேசிய பள்ளிகளில், அந்த மாணவர்களிடம் ஆபத்தான பாலுறவுப் பழக்கங்கள் குறைவாக இருந்தன. 2019இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, இத்தகைய பாடம் பரவலாக உள்ள மாநிலங்களில் மாணவர்களிடையே தற்கொலை எண்ணமும் பள்ளியில் துன்புறுத்தப்படுவதும் குறைவு என்றது. பாடம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மாணவர்களின் பெற்றோர் அஞ்சும் திசையில் எதுவும் நடக்கவில்லை.

சீட்டில் என்ன எழுதியிருந்தாய் என்று நண்பனைக் கேட்டேன். “எனக்கு மட்டும்தான் இப்படியா, சார்?” என்று எழுதியிருந்தானாம். பதில் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது.