பிராணி மேல் பிரியம், எழுத்தில் பிழைப்பு: வாசகர் கேள்வி பதில்

கால்நடை மருத்துவம் சார்ந்த எழுத்தில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற இதழில் இந்தத் தொழிலைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே நாய், பூனை, ஆடு எதைக் கண்டாலும் கிட்டே போய்விடுவேன். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டேன், இடம் கிடைக்கவில்லை. இப்போது விலங்கியல் படிக்கிறேன். எழுதவும் வரும். இரண்டையும் சேர்த்து ஒரு பிழைப்பு உண்டா அம்மா?
(கல்லூரி மாணவி)

பதில்: உண்டு. நானும் விலங்கியல் படித்தவள்தான். படிப்பு முடிந்ததும் ஒரு பிராணி மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். ஆறு வருடம். சீட்டு எழுதுவது, எடை பார்ப்பது, பயந்து உதறும் நாயைப் பிடித்துக்கொள்வது, எல்லாம் என் வேலை.

ஒரு நாள் ஒரு பெரியவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூன்று நாளைக்கு முன்புதான் வந்துபோனவர். அப்போது நாய்க்குக் காதில் சீழ். சொட்டு மருந்து கொடுத்து, "காலையில் இரண்டு சொட்டு, ராத்திரி இரண்டு சொட்டு" என்று சொல்லி அனுப்பியிருந்தோம். நாயின் கண்ணிலும் லேசாக நீர் வடிந்துகொண்டிருந்ததால், அவர் மருந்தைக் கண்ணில் விட்டிருக்கிறார். கண் சிவந்து வீங்கித் திறக்கவே முடியவில்லை. வேளை தவறாமல், ஒரு சொட்டுகூடக் கூடாமல் குறையாமல் விட்டிருந்தார். எங்கே விடவேண்டும் என்பதை மட்டும் நாங்கள் யாரும் எழுதித் தரவில்லை. கண் பிழைத்தது. ஆனால் அவர் அந்த நாயிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எழுதினேன்: "இது காதுக்கு. கண்ணில் விடக்கூடாது." என் முதல் கால்நடை மருத்துவ எழுத்து அதுதான். அப்புறம் கட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தாள், கருத்தடை அறுவைக்கு முந்தைய இரவு என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாள். மேசை இழுப்பறை நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த ஒரு மருத்துவர் தன் ஆய்வுக்கட்டுரையைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார். அங்கிருந்து வளர்ந்ததுதான் என் பிழைப்பு.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். பால் பண்ணைக்கான கையேடு, தடுப்பூசி அட்டவணை, காப்பகத்தில் தத்துக்குக் காத்திருக்கும் நாயின் குணக்குறிப்பு, மருத்துவர்களுக்கான தொடர்கல்விப் பாடம், ஆய்வுக்கட்டுரைத் திருத்தம் என்று வேலைகள் பல. பத்திரிகைக் கட்டுரைதான் நாலு பேர் கண்ணில் படும். எனக்கு மாதாமாதம் வருமானம் வந்தது பெரும்பாலும் மற்ற வேலைகளில்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நாளின் பெரும்பகுதி பிராணி பக்கத்தில் இருக்காது, தாள்தான் இருக்கும். அதனால் வாரத்தில் அரை நாளாவது காப்பகத்துக்கோ பண்ணைக்கோ போய் வேலை செய்யுங்கள். நான் இன்றும் வியாழக்கிழமைகளில் ஒரு காப்பகத்தில் கூண்டு கழுவப் போகிறேன். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியின் ரத்தக் கழிச்சலுக்கு ஒரு வாடை உண்டு. அதை மூக்கில் வாங்கிய பிறகு எழுதிய தடுப்பூசிக் கட்டுரையும் அதற்கு முன் எழுதியதும் ஒன்றாக இல்லை.

கேள்வி: மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள் பிராணிகளின் நோய் பற்றி எழுதலாமா? தவறான தகவல் பரவிவிடாதா?
(பள்ளி ஆசிரியர்)

பதில்: எழுதலாம். கால்நடை மருத்துவத்துக்கென்று உலகில் முதன்முதலில் ஏற்பட்ட கல்லூரி 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர் கிளோட் பூர்ஷெலா. அதே ஊரில் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். கல்லூரி வருவதற்கு முன்பே குதிரை மருத்துவம் பற்றி எழுதிவிட்டார். அவர் எழுத உட்கார்ந்தபோது வாங்குவதற்கு அப்படி ஒரு பட்டமே இல்லை. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் அந்தக் கல்லூரி பிறக்க ஒரு முக்கியக் காரணம். அதே வெக்கை நோய் 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் முழுதாக ஒழித்த இரண்டாவது நோய் அது. நடுவில் 250 ஆண்டுகள். அறிகுறி பார்த்தவர்கள், ஊசி போட்டவர்களோடு எழுதிவைத்தவர்களும் அதில் உண்டு என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அதற்கு நானே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் உண்ணி பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். முதுகுத் தோலில் விடும் ஒரு மருந்தைக் குறிப்பிட்டு "நாய்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் இடம் போதாமல் அது "செல்லப்பிராணிகளுக்கு" என்று சுருங்கிவிட்டது. அச்சுக்கு முந்தைய பிரதி எனக்கு வந்தது. தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டு, சரி என்று அனுப்பிவிட்டேன். அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய்க்கு அது தாங்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, அது நரம்பைத் தாக்கும். ஒரு வாசகி தன் பூனைக்கு விட்டுவிட்டார். இரவெல்லாம் நடுக்கம், வலிப்பு. உடனே மருத்துவரிடம் கொண்டுபோனதால் பிழைத்தது. எனக்கு அவர் எழுதிய கடிதம் நான்கே வரி. திட்டவில்லை. "உங்களை நம்பித்தான் செய்தேன்" என்று இருந்தது. அந்தக் கடிதம் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு "பிராணிகள்" என்ற பொதுச்சொல்லை மருந்து, உணவு பற்றிய எந்த வாக்கியத்திலும் நான் பயன்படுத்துவதில்லை. நாயா, பூனையா, முயலா, மாடா? பெயர் சொல்லித்தான் எழுதுவேன். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பு நிறமாகும். சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் நமக்குத் தீங்கு செய்யாது, நாய்க்கோ ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். லில்லிப் பூவின் மகரந்தம் பூனையின் மயிரில் ஒட்டி, அதை நக்கினால் போதும், சிறுநீரகம் கெட்டுப்போகலாம். மருந்தளவை நான் எழுதுவதே இல்லை. அது அந்தப் பிராணியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்லவேண்டியது. எழுதியதை ஒரு மருத்துவர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அச்சுப்பிரதியைக் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படிக்கிறேன்.

கேள்வி: 20 ஆண்டுகளாக மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். பண்ணையாளர்களுக்காகத் தமிழில் எழுதினால் பாடப்புத்தகம் போல ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பதில்: டாக்டர், படித்தேன். உங்கள் முதல் வாக்கியம் இது: "பிறந்த கன்றுகளில் நோய் எதிர்ப்புப் பரிமாற்றத் தோல்வியைத் தவிர்க்கச் சீம்பால் மேலாண்மை இன்றியமையாததாகும்." விஷயம் சரிதான். ஆனால் கன்று நனைந்து நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது இதை யாரால் படிக்கமுடியும்? தொழுவத்தில் நின்றால் நீங்கள் இப்படியா பேசுவீர்கள்? ஏறக்குறைய இப்படித்தான் சொல்வீர்கள்: "கன்று விழுந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாகவேண்டும். வயிற்றில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புச் சக்தி கன்றுக்கு வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் வரும். ஒரு நாள் தாண்டினால் கன்றின் குடல் அதை உள்ளே வாங்காது." அதை அப்படியே தாளில் வையுங்கள்.

மாடு வளர்ப்பவர்களிடம் நம்மைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன. மாடு சினைக்கு வரும், கன்று ஈனும், நஞ்சு (நஞ்சுக்கொடி) போடும், அசைபோடும். "பசுவின் மகப்பேற்றுக் காலம்" என்று எழுதினால் அவர்களுக்கு யாருடைய வீட்டு விஷயமோ என்றிருக்கும். கோமாரி, சப்பை நோய், மடிநோய், கழிச்சல் இவற்றையெல்லாம் தயங்காமல் எழுதுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். அடைப்பான் வேறு, தொண்டை அடைப்பான் வேறு. பேச்சில் இரண்டையும் அடைப்பான் என்றே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தொண்டை அடைப்பான் வேறொரு கிருமியால் தொண்டை வீங்கி வரும் நோய். அடைப்பான் என்பது ஆந்த்ராக்ஸ். அதில் செத்த மாட்டைக் கத்தி வைத்து அறுத்தால் கிருமியின் வித்துகள் மண்ணில் இறங்கிப் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மனிதருக்கும் வரும். அங்கே மட்டும் பேச்சு வழக்கோடு ஆந்த்ராக்ஸ் என்ற பெயரையும் பக்கத்திலேயே போட்டு, "உடலை அறுக்காதீர்கள்" என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் எழுதியதை ஒரு பண்ணையாளரிடம் கொடுத்து உங்கள் எதிரில் படிக்கச் சொல்லுங்கள். எங்கே அவர் திரும்பப் படிக்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள். அவர் புரிந்துவிட்டது என்று சொன்னாலும் மாற்றுங்கள். உங்கள் மேல் உள்ள மரியாதையில் சொல்லியிருப்பார்.

கேள்வி: மகனுக்கு ஒவ்வாமை, வீட்டில் பிராணி வளர்க்க முடியாது. வளர்க்காமல் எழுதினால் போலியாக இருக்காதா?
(இல்லத்தரசி)

பதில்: இருக்காது. வளர்ப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தன் ஒரே நாயை வைத்துக்கொண்டு எல்லா நாய்களையும் பற்றி எழுதுகிறவரைவிடப் பத்துப் பேரிடம் கேட்டு எழுதுகிறவரை நான் நம்புவேன்.

கேள்வி: பதினான்கு வயதான என் நாய்க்குப் புற்றுநோய் முற்றியதால் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. எழுதலாமா, விட்டுவிடவா?
(வங்கி ஊழியர்)

பதில்: எழுதுங்கள். அழுகை வந்தால் வரட்டும். கொஞ்ச நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, பிறகு எடுத்துப் பாருங்கள். அடுத்து இதே முடிவை எடுக்கப்போகிறவருக்குத் தெரிய வேண்டியது எது என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

இந்த விஷயத்தில் நான் எழுதிய முதல் தாளில் "அமைதியாக உறங்கிவிடும்" என்று ஒரே வரிதான் இருந்தது. அப்புறம் 16 வயதில் என் பூனைக்குச் சிறுநீரகம் முழுதும் கெட்டுப்போய், அந்த ஊசி போடும்போது என் மடியிலேயே வைத்திருந்தேன். அதன் கண் மூடவில்லை. இதயம் நின்ற பிறகு ஒருமுறை மூச்சை இழுத்தது. மருத்துவமனையில் ஆறு வருடம் பார்த்தவள்தான், ஆனாலும் "இன்னும் உயிர் இருக்கிறது டாக்டர்" என்று கத்திவிட்டேன். அவர் மறுபடி ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, என் தோளைத் தொட்டார்.

அந்த வாரமே அந்தத் தாளைத் திருத்தி எழுதினேன். கண் திறந்தே இருக்கலாம். கடைசியாக ஒரு மூச்சு இழுப்பது போலத் தோன்றலாம். தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். இவை வலியில் வருவதில்லை, நினைவு அதற்கு முன்பே போய்விட்டது. பக்கத்தில் இருக்க முடியாது என்று தோன்றினால் வெளியே நிற்பதில் தப்பில்லை. குழந்தைகளிடம் "தூங்க வைத்துவிட்டார்கள்" என்று சொல்லவேண்டாம், அவர்கள் தங்கள் தூக்கத்துக்குப் பயப்பட ஆரம்பிப்பார்கள். செத்துப்போய்விட்டது என்றே சொல்லலாம். "கருணைக்கொலை" என்ற சொல்லையும் எடுத்துவிட்டு "கடைசி ஊசி" என்று போட்டேன். கையெழுத்துப் போடும்போது "கொலை" என்ற எழுத்து அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

உங்களுக்கு அன்று யாரும் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு தீவன நிறுவனம் நல்ல பணம் தருகிறது, தன் பெயர் வெளியே தெரியாமல் கட்டுரை எழுதச் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: பணம் யார் கொடுத்தார்கள் என்று கட்டுரையிலேயே அச்சிடச் சம்மதித்தால் எழுதுங்கள். மறைக்கச் சொன்னால் வேண்டாம். அந்தத் தீவனத்தைத் தின்னப்போகும் நாயால் பையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க முடியாது.

கேள்வி: எழுதிப் பழக்கமே இல்லை. நாளைக்குக் காலையில் எதிலிருந்து தொடங்குவது?
(ஓய்வு பெற்றவர்)

பதில்: ஐயா, தெரிந்த ஒரு நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். மார்பு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருப்பது இயல்பு. இதய நோய் உள்ள நாய்களுக்கு இதைத் தினமும் எண்ணிக் குறித்துவைக்கச் சொல்வார்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கலாம் என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரியும். இந்த எண்ணும் முறையை, இதுவரை பிராணியே வளர்க்காத ஒருவர் படித்துவிட்டுத் தானே செய்யும்படி பத்து வரியில் எழுதுங்கள். கனவில் கால் உதறும்போது எண்ணக்கூடாது என்பதையும் சேர்க்க மறக்காதீர்கள். எழுதி அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.