எலெக்ட்ரிக்கா, ஹைபிரிடா, பெட்ரோலா? முதலில் பார்க்கிங்கைப் பாருங்கள்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 11 வயது. மாற்றியே ஆக வேண்டும். தினமும் அலுவலகம் போய்வர 36 கி.மீ., பெரும்பாலும் நெரிசலில். மாதம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க 340 கி.மீ. பயணம். இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில்; கார் நிறுத்த இடம் உண்டு, ஆனால் அங்கே பிளக் பாயிண்ட் இல்லை. நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எலெக்ட்ரிக் வாங்கிய ஒருவர் இனி பெட்ரோல் பங்க் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்கிறார். இன்னொருவர் ஒரே வருடத்தில் விற்றுவிட்டார். ஹைபிரிட் ஓட்டுபவருக்கு மைலேஜைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்தத் தெரியாது. அவருடைய தம்பியோ "ரெண்டு என்ஜின், ரெண்டு செலவு" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: நாலு பேரையும் நம்பலாம். ஒவ்வொருவரும் தான் கண்டதைத்தான் சொல்கிறார். நீங்கள் அவர்களிடம் இரண்டு விஷயம் கூடுதலாகக் கேட்டிருக்கலாம்: ராத்திரி கார் எங்கே நிற்கிறது, பகலில் என்ன வேகத்தில் ஓடுகிறது? ஒரே வருடத்தில் விற்றவருக்கு வீட்டில் சார்ஜ் செய்யும் வசதி இருந்திருக்காது என்பது என் ஊகம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவு எலெக்ட்ரிக் கார் 100 கி.மீ. ஓட ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் எடுக்கும். 36 கி.மீ.க்கு ஐந்தரை யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஆறு யூனிட். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏற்றலாம். ஆக, தினசரி ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். சுவரில் பெரிய சார்ஜர் மாட்டியே தீர வேண்டும் என்றில்லை. ஆனால் அந்தப் பிளக்குக்குத் தனி வயரிங், நல்ல எர்த்திங், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றும் வேண்டும். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவது தீ விபத்தை வீட்டுக்கு அழைக்கும் வேலை.

நெரிசலில் எலெக்ட்ரிக் காரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிக்னலில் நிற்கும்போது மோட்டார் ஓடாது, ஏசி, விளக்கு போன்றவை மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். பெட்ரோல் என்ஜினிலோ நகர ஓட்டத்தில் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. 80-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். பெட்ரோல் கார் நகரத்தில் நிறைய வீணாக்குவதால், நெடுஞ்சாலையில் அதன் மைலேஜ் கூடுவதுபோலத் தெரியும். எலெக்ட்ரிக் காருக்கு இது தலைகீழ். கம்பெனி 450 கி.மீ. என்று சொல்லும் கார் 100-ல் ஓடினால் 320 கிடைப்பதே யதார்த்தம். அதிலும் பேட்டரியைப் பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்க யாருக்கும் மனசு வராது.

அப்புறம், வேக சார்ஜர் 80 சதவீதம் வரைக்கும்தான் வேகமாக ஏற்றும். அதற்கு மேல் போனால் பேட்டரியைக் காப்பாற்ற மின்னோட்டத்தைக் கார் தானாகவே குறைத்துவிடும். 20-லிருந்து 80 வரை அரை மணி எடுக்கும் காரில் கடைசி 20 சதவீதத்துக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகலாம். விவரம் தெரிந்தவர்கள் 80-லேயே வயரைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

உங்கள் 340 கி.மீ.க்கு வழியில் ஒரு நிறுத்தம், அரை மணியிலிருந்து முக்கால் மணி. மாதம் ஒருமுறை என்றால் எனக்கு இது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. ஆனால் வழியில் இருக்கும் சார்ஜர் வேலை செய்ய வேண்டும், காலியாகவும் இருக்க வேண்டும். ஒரே ஒரு சார்ஜரை நம்பிக் கிளம்பாதீர்கள். மாற்றாக இன்னொன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சரி, ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார். இங்கே ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். 'மைல்டு ஹைபிரிட்' என்பது பெட்ரோல் காருக்குச் சின்ன ஒத்தாசை, அவ்வளவுதான். அதன் மோட்டாரால் பெரும்பாலும் காரைத் தனியாக நகர்த்தக்கூட முடியாது. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பி ஏமாற வேண்டாம்.

பிளக்-இன் ஹைபிரிடை ராத்திரி தோறும் சார்ஜ் செய்பவருக்கு அருமையான கார். செய்யாதவருக்குக் கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார். 2021-ல் பதிவான கார்களின் உண்மையான ஓட்டத்தை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஆராய்ந்தது. இந்த வகைக் கார்கள் ஆய்வகக் கணக்கைப்போல மூன்றரை மடங்கு கரியமில வாயுவை வெளியிட்டன. சார்ஜ் போட அவ்வளவு சோம்பல்! உங்கள் பார்க்கிங்கில் பிளக் இல்லாதவரை இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

மூன்றாவது 'ஸ்ட்ராங் ஹைபிரிட்', டொயோட்டா 1997-ல் பிரியஸில் தொடங்கிவைத்த வகை. பேட்டரி சின்னது, ஒன்றிரண்டு யூனிட்தான். காரே ஏற்றிக்கொள்ளும், வயர் தேவையில்லை. நெரிசலில் கவனித்தால் தெரியும்: என்ஜின் ஓசையில்லாமல் அணைந்து, கார் மோட்டாரிலேயே ஊர்ந்துபோகும். மைலேஜ் வருவது அங்கேதான். நெடுஞ்சாலையில் நிதானமாக ஒரே வேகத்தில் ஓடும்போது சாதாரணப் பெட்ரோல் காருக்கும் இதற்கும் இடைவெளி குறைந்துவிடும். மேடேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் முதலில் உறுமும், வேகம் அப்புறம்தான் வரும். சிலருக்கு இது பிடிக்கவே பிடிக்காது.

"ரெண்டு செலவு" என்பது பாதிதான் சரி. என்ஜின் இருப்பதால் ஆயில் மாற்றுவது போன்ற வேலைகள் தொடரும். ஆனால் டொயோட்டா பாணி ஹைபிரிடில் கிளட்ச் பெடல் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. பிரேக் கட்டைகளும் மெதுவாகத்தான் தேயும். வாங்கினால் பின் சீட் ஓரம் காற்றுத் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் பேட்டரிக்குக் குளிர்காற்று போவது அதன் வழியாகத்தான். பையை வைத்து அதை அடைப்பதும், ஃபில்டரில் தூசி சேர விடுவதும் பேட்டரிக்கு ஆகாது.

எலெக்ட்ரிக் காரின் பேட்டரி பற்றிய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2010-ல் வந்த நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு கிடையாது. அரிசோனா போன்ற வெயில் பகுதிகளில் அதன் கொள்ளளவு சீக்கிரமே குறைந்து, உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். இப்போது பெரும்பாலான கார்களில் திரவக் குளிர்விப்பு வந்துவிட்டது. 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.க்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் பரவலாகக் கிடைக்கிறது. விலைச்சீட்டைப் பார்க்கும்முன் அந்த உத்தரவாதத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகமா, நிக்கல் ரகமா என்றும் கேளுங்கள். நிக்கல் என்றால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது, எல்.எஃப்.பி.யை அவ்வப்போது முழுசாக ஏற்றச் சொல்வார்கள்.

டீசல் உங்களுக்கு வேண்டாம். புது டீசல் கார்களின் புகைவடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். தினமும் 36 கி.மீ. நெரிசலில் அது அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையிலேயே கழிப்பவருக்கு இன்றைக்கும் டீசல் நல்ல கார்தான்.

ஆகவே கார் ஷோரூமுக்கு முன்னால் குடியிருப்புச் சங்கத்துக்குப் போங்கள். உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு ஒரு தனி லைன் இழுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்தால் எலெக்ட்ரிக் வாங்குங்கள், மறுயோசனை வேண்டாம். "பார்க்கலாம்" என்று இழுத்தடித்தால் ஸ்ட்ராங் ஹைபிரிட். பொது சார்ஜரை மட்டும் நம்பி எலெக்ட்ரிக் வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் இரண்டாவது நண்பரின் கதைதான் நடக்கும்.

எதுவானாலும், டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வழக்கமாகப் பின் சீட்டில் உட்காருபவரையும் கூட்டிப்போங்கள். எலெக்ட்ரிக் காரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் விழும் இழுவை ஓட்டுபவருக்குப் பழகிவிடும், பின்னால் இருப்பவருக்குத் தலைசுற்றும். அந்த இழுவையைக் குறைக்கும் வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.