லோரியின் நிறம் ஏன் நினைவில் இல்லை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். இரண்டு வாரங்களுக்கு முன், தோட்டச் சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில், என் கண்ணெதிரே தம்பியின் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் முறிந்து தம்பி மருத்துவமனையில் இருக்கிறான். சாலையில் கிடந்த அவனுடைய சிலிப்பர், அதன் அறுந்த வார் வரை அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆனால் லோரியின் நிறம், அதில் செம்பனைக் குலை இருந்ததா என்பது எதுவுமே நினைவில் இல்லை. “பக்கத்தில்தானே நின்றாய்!” என்று அண்ணன் கோபப்படுகிறார். போலீசார் வாக்குமூலம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மறதி நோயா? நான் என்ன சொல்வது?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மறதி நோய் அல்ல. பெரும் அதிர்ச்சியில் மூளை இப்படித்தான் பதிவு செய்யும். அண்ணனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆபத்தைக் கண்ட நொடியில் உடலில் அட்ரினலின் பாய்கிறது. மூளைக்குள் நோர்அட்ரினலின் பெருகி, காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதியை முடுக்கிவிடுகிறது. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்கு அடுத்தாற்போல் இருக்கிறது. ‘இதை விடாதே, அழுத்திப் பதி’ என்று அமிக்டலா அதைத் தூண்டுகிறது. ஆனால் அந்த அழுத்தம் காட்சி முழுவதற்கும் கிடைப்பதில்லை. கவனம் எதில் குத்திட்டு நின்றதோ அதற்கு மட்டுமே கிடைக்கிறது. விடியலுக்கு முன் பால்மரம் வெட்டுகிறவரின் நெற்றி விளக்கில் வெட்டுக்கோடு பளிச்சென்று தெரியும், அடுத்த மரம் தெரியாது. அந்த நொடியில் உங்கள் உயிரெல்லாம் தம்பி மேல் இருந்தது. லோரியின் மேல் இல்லை. பார்க்கப்படாத நிறத்தை எப்படி நினைவுகூர முடியும்?

1994இல் கலிபோர்னியாவில் கேஹில், மெக்கோ ஆகியோர் நடத்திய ஆய்வு உங்கள் கதைக்கு மிக நெருக்கமானது. தாயோடு நடந்து போகும் ஒரு சிறுவன் காரில் அடிபடும் கதையைப் படங்களோடு காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துப் பகுதியே பலருக்கும் நன்றாக நினைவிருந்தது. ஆனால் நோர்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை முன்கூட்டியே விழுங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல் நினைவு இல்லை. கதையின் சாதாரணப் பகுதிகளை அவர்களும் மற்றவர்களைப் போலவே நினைவில் வைத்திருந்தார்கள். உணர்ச்சி மிகும்போது நினைவு ஆழப்படுவதில் நோர்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களுக்குப் பங்கு உண்டு என்பதை அது காட்டியது.

எனக்கு உண்மையான கவலை வேறு. வீட்டில் எல்லாரும் சேர்ந்து உங்கள் நினைவின் காலியிடத்தை நிரப்பப் பார்ப்பார்கள். “லோரி பறந்து வந்திருக்கும்”, “நீல நிறமாகத்தான் இருக்கும்” என்று நாலு பேர் நாலு நாள் சொன்னால், ஐந்தாம் நாள் அந்த நீல லோரி உங்கள் கண்ணிலேயே ஓடும். இது பொய் சொல்வது ஆகாது. மனம் தானறியாமல் செய்கிற வேலை. 1974இல் லாஃப்டஸ், பாமர் இருவரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்றும், சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு, முதல் வகையில் 50 பேரில் 7 பேரும், இரண்டாம் வகையில் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஆகவே இன்றே தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரு தாளில் எழுதுங்கள், சிலிப்பரையும் சேர்த்து. பிறர் சொல்லித் தெரிந்ததை வேறு தாளில், யார் சொன்னார் என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். போலீசாரிடம் முதல் தாளில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு “நினைவில்லை” என்பதே நேர்மையான பதில். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஊகித்துச் சொன்ன ஒரு நிறம், குற்றமற்ற ஓர் ஓட்டுநரைக்கூட மாட்டிவிடலாம். தமிழில் சொல்வதுதான் வசதி என்றால் அதைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, இயன்றவரை, வாக்குமூலத்தை நீங்கள் பேசிய மொழியில் வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். பிறகு ஏதேனும் தானாக நினைவுக்கு வந்தால், திரும்பப் போய்ச் சொல்லலாம்.

இரவில் அந்தக் காட்சி மீண்டும் மீண்டும் வருவது முதல் சில வாரங்களில் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் கெட்டு, அந்தச் சந்தியைக் கடக்கவே நடுக்கம் வந்தால் அரசாங்க கிளினிக்கில் மனநலச் சிகிச்சைக்கு வழிகேளுங்கள். அதற்கு முன்பே பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

தம்பியை யாரும் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். தலையில் அடிபட்டிருந்தால், மோதலுக்கு முந்தைய நிமிடங்கள் அவர் மூளையில் பதியாமலே போயிருக்கலாம். அது உங்கள் மறதியைப் போன்றதல்ல. அவருக்குக் கடுந்தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, மயக்கம் ஏதாவது இருந்தால், அதை உடனே வார்டில் உள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள்.