பேஸ்மன்ட் வாடகைக்கு நகரசபை உரிமம் கேட்பது வீட்டுக்காரர்களை வதைப்பதாகாதா?

உங்கள் நகரசபை, பேஸ்மன்டை வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும், பரிசோதகருக்கு வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு துணைவிதியை (நகரசபை இயற்றும் உள்ளூர்ச் சட்டத்தை) விவாதித்துக்கொண்டிருப்பதாகவும், கடன் கட்டவே திணறும் குடும்பங்கள்மீது இது இன்னொரு வரி என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பெரும்பாலும் ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு நகரம் என்று எடுத்துக்கொள்கிறேன். வீடு வாங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும். கீழே ஒரு குடும்பமோ மாணவர்களோ இருப்பார்கள். அந்தக் கீழ்த்தளம் அனுமதி பெற்றுக் கட்டப்பட்டதா என்பது உங்களுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. என் ஊகம் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உரிமம் கேட்பதில் வதை எதையும் நான் காணவில்லை. ஆனால் இந்தத் துணைவிதிகள் எழுதப்படும் விதத்தில் எனக்குக் கடுமையான கோபம் உண்டு, அந்தக் கோபமும் உங்களுடைய கோபமும் ஒன்று அல்ல.

எழுதுபவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நகரசபைக்கு வக்காலத்து வாங்க வந்தவன் என்று பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். என்னுடைய கனடா வாழ்க்கை ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்டில்தான் தொடங்கியது. இன்று வேறொரு நகரத்தில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. அதன் கீழ்த்தளம் அனுமதியுடன் கட்டப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்ட குடியிருப்பு. அந்த வாடகை இல்லாமல் என்னால் கடன் கட்ட முடியாது. ஆகவே வாடகை வாங்குபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லப்போவதில்லை.

கனடாவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ரொறொன்ரோப் பகுதியில் பனிக்காலத்தில் நிலம் உறைந்துவிடும் என்பதால், வீட்டின் அத்திவாரம் ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழத்துக்கேனும் போக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் சற்றுத் தோண்டி ஒரு முழுத் தளத்தையே எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். அதில் ஒரு சமையலறையும் குளியலறையும் வைத்துப் பக்கச் சுவரில் ஒரு கதவைத் திறந்தால் அது இன்னொரு வீடாகிவிடுகிறது. அந்த வீட்டை வாடகைக்கு விடலாமா என்பதில் இந்த மாகாணம் ஒரு முடிவில் நிலைத்து நிற்க நெடுங்காலம் எடுத்தது. 1994இல் பொப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி அரசு மாகாணம் முழுவதும் இதை அனுமதித்தது. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த மைக் ஹாரிஸ் அரசு அதைத் திருப்பிப்போட்டு, 1995 நவம்பர் 16ஆம் தேதி இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை நகரசபைகளின் விருப்பத்துக்கு விட்டது. 2012 ஜனவரி முதல், நகரசபைகள் இரண்டாவது குடியிருப்புக்கு இடமளித்தே ஆக வேண்டும் என்று சட்டம் மறுபடி மாறியது. 2022 நவம்பரில் நிறைவேறிய 23ஆம் இலக்கச் சட்டமூலம், நகரக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள வீட்டு நிலம் ஒன்றில் மூன்று குடியிருப்புகள் வரை நகரசபை தடுக்க முடியாது என்றும், மேலதிகக் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு வாகனத் தரிப்பிடத்துக்கு மேல் கேட்க முடியாது என்றும் முடித்துவிட்டது.

ஆகவே உங்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, பேஸ்மன்ட் வாடகையையே இந்தத் தெருவில் நிறுத்துங்கள் என்று முழங்கும் அயலவர் காற்றோடு பேசிக்கொண்டிருக்கிறார். நகரசபையின் கையில் மீதமிருப்பவை பதிவு, உரிமம், பரிசோதனை, அபராதம் ஆகியவைதான். அதிலும் நகரங்கள் தடுமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மிசிசாகா 2014இல் இரண்டாவது குடியிருப்புகளுக்கு உரிமமுறை கொண்டுவந்து, 2016இல் அதைக் கைவிட்டு வெறும் பதிவாக மாற்றியது. பிராம்டன் 2024 ஜனவரி முதலாம் தேதி சில வட்டாரங்களில் மட்டும் உரிமமுறையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் நகரசபைக்கு முன்னால் திரண்டு எதிர்த்ததால் அதே மாதம் நிறுத்திவைத்து, பின்னர் மாற்றங்களுடன் மீண்டும் தொடங்கியது. உங்கள் ஊரிலும் இதுவே நடக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் திரண்டால் கட்டணம் குறையும், கட்டணம் குறைந்ததும் கூட்டம் கலையும், துணைவிதியின் உள்ளடக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

என் கீழ்த்தளத்தை முறைப்படி மாற்ற முடிவெடுத்தபோது, வேலைக்கு வந்த கட்டட ஒப்பந்தக்காரரான தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெர்மிட் எல்லாம் எதுக்கு அண்ணா? இஞ்ச ஒருத்தரும் வந்து பாக்கிறேல்லை. பெர்மிட் எடுத்தா நீங்களாப் போய்த் தலையைக் குடுக்கிறமாதிரி" என்றார். நான் தலையைக் கொடுத்தேன். வரைபடம் தயாரித்து, அனுமதி வாங்கி, படுக்கையறை யன்னலைப் பெரிதாக்குவதற்காக அத்திவாரச் சுவரின் கொங்கிறீற்றை வெட்டினோம். ஒன்ராறியோ கட்டட விதிப்படி, தப்பி வெளியேறுவதற்கான யன்னல் திறந்த நிலையில் குறைந்தது 0.35 சதுர மீற்றர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. என் வீட்டில் முன்பிருந்த யன்னல் வழியாக ஒரு பூனை வெளியே போகலாம்; பெரியவர் எவரும் போக முடியாது. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் தீ அரை மணி நேரம் தாமதிக்கும்படி கீழ்வீட்டின் உட்கூரைக்குத் தடித்த ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) அடித்தோம். மேலும் கீழும் உள்ள புகை அலாரங்களை இணைத்தோம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையைப் பிரித்து, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு போட்டோம். கார்பன் மொனொக்சைட் அலாரம் வைத்தோம். மின் பரிசோதகர் தனியாக வந்தார். யன்னலுக்கு வெளியே தோண்டிய குழியில் மழைநீர் தேங்காமல் வடிகால் போட வேண்டும் என்று கட்டடப் பரிசோதகர் திருப்பி அனுப்பினார், அதையும் செய்தோம்.

செலவு எவ்வளவு என்று கேட்காதீர்கள், மனைவிக்கே முழுத்தொகையை நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றில் அநாவசியம் என்று நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. கீழே தூங்குபவருக்குப் படிக்கட்டு ஒன்றுதான் வழி, அந்தப் படிக்கட்டு ஃபர்னஸுக்குப் பக்கத்தால் போகிறது என்றால், தீப்பிடித்த இரவில் அவருக்கு வழியே இல்லை. நான் ஸ்காபரோவில் இருந்த பேஸ்மன்ட் அப்படித்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், எங்கள் மக்களில் ஒருவர், வாடகை பிந்தினால் முகம் சுளிக்காதவர். அவருடைய நல்ல மனம் யன்னலைப் பெரிதாக்கவில்லை. பரிசோதனை கேட்பது வீட்டுக்காரரின் குணத்தைச் சந்தேகிப்பதாகும் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

எங்கள் நகரத்தில் உரிமத் துணைவிதி விவாதத்துக்கு வந்தபோது நான் பேசப் போயிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். பேசியவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர்கள். ஒரு பகுதியினர் பேஸ்மன்ட் வைத்திருப்பவர்கள். உரிமக் கட்டணம் கொள்ளை என்றார்கள். மறுபகுதியினர் அவர்களுடைய அயலவர்கள். டிரைவேயில் நாலு கார் நிற்கிறது, குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது, தெருவில் தெரியாத முகங்கள் என்றார்கள். உறுப்பினர்களும் அவற்றைப் பற்றியே கேட்டார்கள். மாலை முழுவதும் வாகனத் தரிப்பிடத்திலேயே போனது. கீழே குடியிருப்பவர் ஒருவர்கூட ஒலிவாங்கிக்கு முன்னால் வரவில்லை. ஓர் உறுப்பினர் இதைக் கவனித்துவிட்டு, வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் பெரிய அக்கறை இல்லைப் போலும் என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏனென்றால், என் கீழ்வீட்டில் இருக்கும் அக்காவை அந்தக் கூட்டத்துக்கு நான் அழைத்திருந்தேன். அவர் இரண்டு பிள்ளைகளுடன் முன்பு இருந்த பேஸ்மன்டைப் பற்றி என்னிடம் சொன்னவற்றில் பாதியைச் சொன்னாலே போதும், சபையில் இருந்தவர்கள் தரிப்பிடத்தை மறந்திருப்பார்கள். "தம்பி, நான் போய்க் கதைச்சா அது எந்த வீடெண்டு கேப்பினம். அங்க இப்பவும் என்ர தங்கச்சிதான் இருக்கிறாள்" என்று மறுத்துவிட்டார். அவர் கணக்கு சரியானது. கூட்டத்தில் பேசுபவரின் பெயர் பொதுப் பதிவில் ஏறுகிறது. முகவரி தெரிந்தால் தீயணைப்புப் பரிசோதகர் வருவார். குறை இருந்தால் திருத்தும்படி கட்டளை பிறக்கும். தீ விதிகளை மீறியதற்காகத் தனிநபருக்கு முதற் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தக் கட்டளை கையில் கிடைத்ததும் வீட்டுக்காரர் எடுக்கும் மிக இலகுவான முடிவு, வாடகைக்கு விடுவதை நிறுத்திக் குடியிருப்பவரை வெளியேற்றுவது. ஆக, தன் வீடு ஆபத்தானது என்று சபையில் சாட்சி சொல்பவர் தன் வீட்டைத் தானே காலி செய்கிறார்.

இங்கே சட்டம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். அனுமதியற்ற பேஸ்மன்டில் இருப்பவருக்கும் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, இடிக்கவோ பெரிய திருத்தம் செய்யவோ வெளியேற்றுவதானால் 120 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, நம் ஆட்கள் பலர் இருப்பது அப்படிப்பட்ட வீடுகளில்தான். மற்றவர்களில் எத்தனை பேர் நம்மூர்க்காரரான வீட்டுக்காரரை வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு இழுப்பார்கள்? அந்தத் தீர்ப்பாயத்தைப் பற்றி வீட்டுக்காரனாக எனக்கும் ஒரு முறைப்பாடு உண்டு: இந்த அக்காவுக்கு முன் இருந்தவர் வாடகையை நிறுத்தியபோது, விசாரணைத் தேதி வருவதற்குள் என் சேமிப்பு கரைந்துவிட்டது. இரண்டு தரப்பையும் காக்க வைக்கும் ஒரு மன்றத்தை நம்பி நகரசபைகள் துணைவிதி எழுதுகின்றன.

என்னுடைய ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: உரிமம் கேட்டு விண்ணப்பிக்காத வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முறைப்பாடு வந்தால் போய்ப் பார்ப்போம் என்று அதிகாரி ஒருவர் பதில் சொன்னார். முறைப்பாடு செய்ய வேண்டியவர் யார் என்பதை மேலே எழுதிவிட்டேன். துணைவிதி நிறைவேறியது. ஏற்கெனவே பதிவில் இருந்த என் வீட்டுக்கு முதலாவதாகக் கடிதம் வந்தது, பரிசோதகர் வந்தார், எல்லாம் சரி என்றார், நான் கட்டணத்தைக் கட்டினேன். அக்காவின் தங்கை இருக்கும் வீட்டுக்கு இன்றுவரை யாரும் போகவில்லை. கட்டட வேலைக்கு வந்த தம்பி சொன்னதை நகரசபை அப்படியே மெய்ப்பித்துக் காட்டியது என்பதே என் ஆத்திரத்துக்குக் காரணம்.

உங்கள் கேள்வியில் இருந்த இன்னொன்றையும் தொட வேண்டும்: அதிகாரி நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்துவிடுவாரா என்ற பயம். துணைவிதி அதிகாரி ஒருவர் மக்கள் வசிக்கும் பகுதிக்குள் நுழைவதற்குப் பொதுவாக அங்கே வசிப்பவரின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ தேவை. பேஸ்மன்டைப் பொறுத்தவரை வசிப்பவர் என்பவர் நீங்கள் இல்லை, கீழே இருப்பவர். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவரே அவர்தான் என்னும்போது, அவரைக் கேட்காமல் மேலே இருக்கும் நாம் இரண்டு அணியாகப் பிரிந்து மாலை முழுவதும் சத்தம் போடுகிறோம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போவதென்றால், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி உங்கள் ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள். அதைச் சொல்ல வேறு நூறு பேர் வருவார்கள். தாமாக முன்வந்து திருத்த விரும்பும் வீட்டுக்காரருக்கு அபராதமில்லாத ஒரு காலக்கெடு துணைவிதியிலேயே எழுதப்படுகிறதா என்று கேளுங்கள். யன்னல் வெட்டும் செலவுக்குக் கடனோ மானியமோ உண்டா, அல்லது கட்டணம் முழுவதும் அலுவலகச் செலவுக்கே போகிறதா என்று கேளுங்கள். வேலை நடக்கும் காலத்தில் கீழே இருப்பவர் எங்கே போவார், வேலை முடிந்ததும் அதே வாடகைக்குத் திரும்பி வர முடியுமா என்பதையும் கேளுங்கள். இவற்றுக்கு எங்கள் ஊர்த் துணைவிதியில் ஒரு வரிகூட இல்லை. பேசுவதற்கு நகரசபை எழுத்தர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், கடைசி நாளை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவருக்கோ அவருக்குத் தெரிந்தவருக்கோ சொல்ல ஏதாவது இருந்தால், ஒன்ராறியோ சட்ட உதவி நிதியில் இயங்கும் சமூகச் சட்ட நிலையம் ஒன்றை அவர்கள் இலவசமாக அணுகலாம். அவர்களுடைய முகவரியை வெளியிடாமல் அங்குள்ள வழக்கறிஞர் அதைச் சபையில் பேச முடியும். எங்கள் ஊரில் உரிமத்தைப் புதுப்பிக்கும் விவாதம் வரும்போது அக்கா அப்படித்தான் பேசப்போகிறார். கடிதத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டார்.