வாசகர் கேள்வி–பதில்: மேலணை, தாளடி, வெண்மணி

கேள்வி: கரிகாலனின் கல்லணைதான் காவிரிச் சமவெளியைக் காத்தது என்று படித்து வளர்ந்தோம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வராவிட்டால் தஞ்சையே பாழாகியிருக்கும் என்றும் சொல்கிறார்களே, எது சரி?
– வாசகர், திருவையாறு

பதில்: இரண்டும் சரியே. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரியும் ஆறு, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் திருவரங்கத்தை அணைத்துக்கொண்டு ஓடி, கல்லணைக்கு அருகில் மீண்டும் நெருங்கி வருகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, கடலுக்கு அதன் வழியும் குறுகியது. ஆகவே தண்ணீர் எப்போதும் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்துவிட்டால் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று விரியும் கிளைகளை நம்பியிருக்கும் வயல்கள் காய்ந்துவிடும். அந்தச் சாய்வைக் கீழே தடுத்து நிற்பது கல்லணை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலேறி மேடாகிவிட, முக்கொம்பிலேயே பெருமளவு நீர் கொள்ளிடத்தில் இறங்கத் தொடங்கியது. அதை மறிக்கத்தான் காட்டன் 1836-38இல் அங்கே மேலணையைக் கட்டினார். ஆழம் காண முடியாத மணலில் கடைக்கால் நிற்கச் செய்யும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார். களிமண்ணில் பதித்த கற்களால் ஆன அந்தப் பழைய அணையை அவர் இடித்துத் தள்ளாமல் கூர்ந்து பார்த்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, அந்தக் கட்டுமானம் எத்தனை ஊர்களைத் தாங்கி நின்றது என்பது புரிந்தது.

கேள்வி: தாளடி என்பதும் சம்பாவும் ஒன்றா?
– வாசகி, சென்னை

பதில்: அல்ல. மேட்டூர் அணை (1934) வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் குறுவை என்னும் குறுகியகால நெல். அதை அறுத்த தாளை மடக்கி உழுது, அதே வயலில் மறுபடி நடுவது தாளடி. சம்பா, குறுவை போடாத வயலின் நீண்டகால ஒரு போகம். சம்பா, தாளடி இரண்டிலுமே அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் நிற்கும் கதிர்களுக்கிடையே உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்து முடிக்கும்போது கீழே இரண்டிலை விட்டிருக்கும். உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை, பனி ஈரமே போதும்.

கேள்வி: தஞ்சை என்றால் சோழரும் கோயிலும் நாயக்கரும் மராட்டியருமே பக்கத்தை நிறைக்கிறார்கள். சேற்றில் இறங்கியவர்கள் எங்கே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நியாயமான குறை, நாங்களும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறோம். நிலம் மிராசுதாரர்களிடமும் கோயில், மடங்களிடமும் குவிந்திருந்த இப்பகுதியில், நட்டு அறுத்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையாட்களாக இருந்த தலித் மக்கள். அவர்கள் சங்கமாகத் திரண்ட பிறகே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்துக்குப் பழியாக, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளுமே அதில் மிகுதி. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அந்தத் தீக்குப் பிறகு இப்பகுதிக்கு வந்து தங்கிய காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல், உழுபவருக்கு நிலம் கிடைக்கச் செய்யும் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலத்தை வாங்கி, கூலி வேலை செய்த பெண்களின் பெயரிலேயே பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்.