காசுக்கு இரண்டு அப்பா

கேள்வி: ஆங்கிலத்தின் 'கேஷ்' நம்முடைய 'காசு'தான் என்பது குழந்தைக்கும் தெரியும். அகராதிக்காரர்கள் மட்டும் அது லத்தீன் சொல் என்று ஏன் சாதிக்கிறார்கள்?

பதில்: அவர்கள் சாதிக்கவில்லை. நீங்கள்தான் பாதியில் அகராதியை மூடிவிட்டீர்கள். பெரிய ஆங்கில அகராதி எதையாவது திறந்து பாருங்கள்; 'கேஷ்' இரண்டு தனிச்சொற்களாக, இரண்டு இடத்தில் இருக்கும்.

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' லத்தீன் வழி வந்தது. 'கப்சா' என்றால் பெட்டி. பணம் வைக்கும் பெட்டிக்கு ஆன பெயர் பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் ஆயிற்று. நாம் விழுங்கும் கேப்ஸ்யூலும் அதே வீட்டுப் பிள்ளைதான்: குட்டிப் பெட்டி.

இன்னொரு 'கேஷ்' சில்லறை நாணயத்தின் பெயர். அது சந்தேகமில்லாமல் நம் காசு. போர்ச்சுக்கீசியர் அதைக் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றே பெயர் என்பதால், குழப்பத்துக்கு அங்கேயே பிள்ளையார் சுழி போட்டாயிற்று. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செப்புக்காசுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். சீனர்களைக் கேட்டுக்கொண்டு அல்ல!

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்திருந்தது. கம்பெனிக்காக 1808இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தில் ரோமன் எண்ணில் இருபது, கூடவே ஆங்கிலத்தில் 'கேஷ்'. அதிலேயே பாரசீக எழுத்தில் 'இருபது காஸ், நான்கு ஃபலூஸ்' என்றும் இருக்கிறது (ஃபலூஸ் என்பதும் செப்புக்காசின் பெயர்தான்). நம் சொல்லுக்கு இதைவிடக் கௌரவம் என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு லத்தீன்காரனின் பெட்டிக்கு உரிமை கொண்டாடுகிறீர்கள்.

ஒலியும் பொருளும் ஒத்துப்போனால் உறவு என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கடித ஓரத்தில், 'ஒன்று'தான் ஆங்கிலத்தில் 'வன்' ஆயிற்று என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஆன்'. வகர ஒலி பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. அதே சொல்லை உள்ளே வைத்திருக்கும் 'அலோன்' இன்றுவரை வகரம் இல்லாமல்தான் இருக்கிறது.