ஒரே ஜாக்கெட்டுக்கு மூன்று விலை

கேள்வி:

சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் எங்களுக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மாமியார் ஆரம்பித்த கடை. இப்போது தைப்பது நான்; விலை சொல்வது இன்னமும் அவர்தான். கடையில் விலைப்பலகை கிடையாது. லைனிங் வைத்த சாதாரண ஜாக்கெட்டுக்கு, ஊரிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் 18 வெள்ளி (டாலர்) வாங்குகிறோம். வாடிக்கையாக வருபவர்களுக்கு 25. புதிதாக வருபவர்களுக்கும் வசதியானவர்களாகத் தெரிபவர்களுக்கும் 40. மாதத்துக்கு ஏறக்குறைய நூறு ஜாக்கெட் தைக்கிறேன். அதில் முதல் வகை முப்பது, இரண்டாம் வகை ஐம்பது, மூன்றாம் வகை இருபது இருக்கும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் எங்களிடம் 25 கொடுத்தவரும் 40 கொடுத்தவரும் சந்தித்து விலையை ஒப்பிட்டுவிட்டார்கள். 40 கொடுத்தவர் மறுநாளே கடைக்கு வந்து, நாலு பேர் பார்க்க என்னை 'ஏமாற்றுக்காரி' என்று திட்டிவிட்டுப் போனார். "இருப்பவர் கொடுப்பதால்தான் இல்லாதவருக்குக் குறைக்க முடிகிறது" என்கிறார் மாமியார். "பலகை மாட்டு, எல்லோருக்கும் ஒரே விலை வை" என்கிறார் கணவர். அப்படி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வரும் வீட்டு வேலைப் பெண்களால் கொடுக்க முடியாது. நாங்கள் செய்தது தவறா?

– தையல் கடை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமியாரை முதலில் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறேன். பிறகு வேறொரு குற்றச்சாட்டுக்காக அவரைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை வாங்குவது தன்னளவில் தவறில்லை. தவறு என்றால் இந்த ஊரில் கட்டண முகப்புகளில் பாதியை மூட வேண்டியதுதான். அதே பஸ்ஸில் அதே தூரம் போகும் மூத்தோருக்குக் கட்டணம் குறைவு. பொது மருத்துவமனையில் அதே படுக்கைக்குக் குடிமகனின் பில் வேறு, நிரந்தரவாசியின் பில் வேறு, வெளிநாட்டவரின் பில் வேறு. கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் கூடங்களுக்குள் போக உள்ளூர்வாசிக்கு ஒரு கட்டணம், சுற்றுப்பயணிக்கு அதைவிடக் கூடுதல். தேசிய அரும்பொருளகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் 2013 மே மாதத்திலிருந்து குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். வெளியூர்க்காரர் காசு கொடுத்துத்தான் பார்க்கிறார்.

இதற்கு நேர் தலைகீழான வாசலும் இங்கே உண்டு. நம் சூதாட்டக்கூடங்களுக்குள் வெளிநாட்டவர் காசில்லாமல் நுழையலாம். குடிமகனும் நிரந்தரவாசியும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2010இல் கூடங்கள் திறந்தபோது 100 வெள்ளியாக இருந்தது 2019இல் 150 ஆனது. சொந்த ஊர்க்காரருக்குத்தான் விலை அதிகம்! ஆனாலும் அந்த வாசலில் நின்று யாரும் 'ஏமாற்றுக்காரர்கள்' என்று கத்துவதில்லை. உள்ளூர் மக்கள் சூதாட்டத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த தீர்வை அது என்று கட்டுபவருக்கே தெரியும். யாருக்கு எவ்வளவு, ஏன் என்ற இரண்டும் வாசலுக்கு வருவதற்கு முன்பே வெளிச்சத்தில் இருக்கின்றன.

மாமியாரின் வாதத்துக்கு இன்னும் வலுவான துணை நம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுபவரின் வருமானத்தை வைத்துத்தான் கட்ட முடியாதவருக்கும் கண்புரை அறுவை சிகிச்சை செய்து வளர்ந்தது. இருப்பவர் கொடுப்பதால் இல்லாதவருக்குக் குறைகிறது என்று உங்கள் மாமியார் சொல்வது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனால் பணம் கட்டும் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை அங்கே நோயாளிதான் தீர்மானிக்கிறார். வாசலில் ஒருவர் நின்று, வருபவரின் செருப்பையும் கைப்பையையும் பார்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுவதில்லை. அறையின் வசதி மாறும். கத்தி பிடிக்கும் கை மாறாது.

உங்கள் கடையில் அந்தத் தீர்மானத்தை மாமியாரின் கண் எடுக்கிறது. இனி அவர் கூண்டில் ஏறலாம்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். வாடிக்கை விலையான 25ஐ அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்த பெண்கள் முப்பது பேருக்கு ஆளுக்கு 7 வெள்ளி குறைக்கிறீர்கள். மாதம் 210 வெள்ளி. 40 வெள்ளிக்காரர்கள் இருபது பேரிடம் ஆளுக்கு 15 வெள்ளி கூட்டி வாங்குகிறீர்கள், 300 வெள்ளி. தருமத்துக்கு என்று வாங்கியதில் தருமத்துக்குப் போனது 210. மிச்சம் 90 வெள்ளி கல்லாவில் தங்கிவிடுகிறது. கடை நடத்துபவர் லாபம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த 90 வெள்ளியை மாமியாரின் நியாயம் தாங்காது என்று மட்டும் சொல்கிறேன்.

என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்த இருபது பேர் யார்? 'புதிதாக வருபவர்களுக்கும் வசதியானவர்களாகத் தெரிபவர்களுக்கும்' என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? கல்யாணமாகிப் போன மாதம்தான் திருச்சியிலிருந்து வந்த பெண், தேக்காவில் ஜாக்கெட்டுக்கு என்ன விலை என்று யாரைக் கேட்பாள்? மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தாதி, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே தீபாவளிக்குத் தைக்கக் கொடுப்பார். இன நல்லிணக்க நாளுக்கு முதன்முதலாகச் சேலை கட்ட ஆசைப்பட்டு, தோழியின் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்கும் சீன ஆசிரியை, சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். இவர்களில் யாரும் பணக்காரர்கள் இல்லை, விலை தெரியாதவர்கள். உண்மையிலேயே வசதி உள்ளவர்கள் பெரும்பாலும் விலை தெரிந்தவர்கள். கூட்டுரிமை (காண்டோ) வீட்டிலிருந்து காரில் வந்து இறங்கி, 25க்கு ஒரு காசு கூடத் தர மாட்டேன் என்று நின்று பேசி வாங்கிக்கொண்டு போகும் அம்மாக்கள் உங்கள் ஐம்பது பேர் பட்டியலில் இருக்கிறார்களா இல்லையா? பில் புத்தகத்தைப் புரட்டி நீங்களே பாருங்கள்.

ஆகவே உங்கள் கடையில் 40 வெள்ளி வசதிக்கு வைத்த விலை இல்லை. அறியாமைக்கும் கூச்சத்துக்கும் வைத்த விலை. தெரிந்தால் கொடுக்க மாட்டார் என்பதற்காகவே ஒருவரிடம் கூடுதலாக வாங்குவதைத்தான் தவறு என்கிறேன். நம் ஊரில் இதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: முகத்தைப் பார்த்து விலை சொன்னால், அது எந்த நோக்கமும் இல்லாமலே இனத்தைப் பார்த்துச் சொல்லும் விலையாகிவிடும். மறுநாள் கடைக்கு வந்து திட்டியவர் ஒரு தமிழ்ப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆசிரியையாக இருந்திருந்தால் திட்டியிருக்கவே மாட்டார். தமிழர் கடை இப்படித்தான் என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

சட்டத்தை நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு விலை வைக்கக் கூடாது என்று இங்கே பொதுவான சட்டம் இல்லை. ஆனால் 2004இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம், தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரையும், பரிவர்த்தனையின் தன்மையையோ மொழியையோ புரிந்துகொள்ள முடியாதவரையும் தெரிந்தே பயன்படுத்திக்கொள்வதை நியாயமற்ற செயல் என்கிறது. மதிப்பீடாக ஒரு விலை சொல்லிவிட்டு, வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அதைவிட மிகக் கூடுதலாக வசூலிப்பதும் அதில் வருகிறது. துணி கொடுக்கும்போது 30 என்று சொல்லி, வாங்க வரும்போது 45 என்றால் வம்புதான். 2014இல் சிம் லிம் சதுக்கத்துக் கடை ஒன்றில் வியட்னாமியச் சுற்றுப்பயணி ஒருவர் கைத்தொலைபேசிக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு மண்டியிட்டு அழுத காணொளி உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் கடைக்காரர் மறு ஆண்டு சிறைக்குப் போனார். உங்கள் கடையை அதன் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனமில்லை, ஆனால் இரண்டு இடத்திலும் ஆளைப் பார்த்துத்தான் தொகை பிறந்தது.

சரி, கணவர் சொல்வதுபோல் எல்லோருக்கும் ஒரே விலை வைத்துவிடலாமா? வேண்டாம். பலகை மாட்டச் சொன்னதில் அவர் சரி. ஒரே விலை என்பதில்தான் அவசரப்படுகிறார். ஒரே விலை என்றால் ஏறக்குறைய 26 வெள்ளி வரும். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்ணுக்கு 18க்கும் 26க்கும் உள்ள தூரம் பெரிது. அவர் தைக்காமலே போய்விடுவார். அதில் யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது?

முப்பது பெண்களுக்கு நீங்கள் விட்டுக்கொடுக்கும் 210 வெள்ளியை இருபது பேர் தலையில் மட்டும் கட்டாமல், மற்ற எழுபது பேருக்கும் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு 3 வெள்ளி. பலகையில் 28 என்று எழுதுங்கள். இத்தனை நாளும் உங்கள் ஐம்பது வாடிக்கையாளர்களும் அந்தத் தருமத்துக்கு ஒரு காசு கூடக் கொடுக்கவில்லை, புதியவர்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இனி எல்லோரும் சேர்ந்து கொடுக்கட்டும். மாத வரவு 2,590இலிருந்து 2,500 ஆகும். முன்பு கணக்குக்கு வராத அந்த 90 வெள்ளிதான் போகிறது. அதைத் தாங்க முடியாது என்றால் பலகையில் 30 என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதியதை எல்லோரிடமும் வாங்குங்கள். 45 என்று எழுதிவைத்து, கேட்டவருக்கெல்லாம் 28க்குக் கொடுத்து, கேட்காதவரிடம் மட்டும் 45 வாங்கினால் அது பழைய கதைதான். பலகை ஒன்று கூடுதல், அவ்வளவே.

18 வெள்ளி விலையையும் பலகையில் எழுதத்தான் வேண்டும். 'வீட்டு வேலை செய்பவர்களுக்கு' என்று எழுதாதீர்கள். சலுகையை வாங்குவதற்காக ஒருத்தி தன் வேலையை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. 'ஞாயிறு விலை 18 வெள்ளி: சாதாரண லைனிங் ஜாக்கெட், அலங்காரம் கிடையாது, இரண்டு வாரம் கழித்து ஞாயிறன்று பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் தேக்கா பக்கம் வருபவர்களுக்கு இது தானாகவே பொருந்தும். அவசரமும் பைப்பிங்கும் நாடாவும் கேட்பவர்கள் 28க்குப் போய்விடுவார்கள். காரில் வரும் அம்மா ஒருவர் இரண்டு வாரம் பொறுத்து 18க்குத் தைத்துக்கொண்டால்? தைத்துக்கொள்ளட்டும். நூற்றில் நாலைந்து பேர் அப்படி நகர்ந்தால் கடை மூழ்கிவிடாது. பத்துப் பதினைந்து ஆனால் எழுதுங்கள், வேறு வழி யோசிப்போம்.

ஆரி வேலை, பட்டுத் துணி, இரண்டே நாளில் வேண்டும் என்ற அவசரம், இவற்றுக்கெல்லாம் தாராளமாகக் கூடுதல் வாங்குங்கள். அவை உங்கள் கைக்கும் கண் விழிப்புக்கும் உள்ள விலை; இந்த விவாதத்திலேயே சேராதவை. தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்கு ஒரு விலை வேண்டுமென்றால் அதையும் ஒரு மாதம் முன்பே பலகையில் ஏற்றிவிடுங்கள். உறவினருக்கு இலவசமாகத் தைத்துக் கொடுப்பது உங்கள் சொந்த விஷயம். மாமியாரின் தங்கை மகள்கள் எத்தனை ஜாக்கெட் வாங்கிப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இனி அந்தக் கோபக்காரர். விலையைச் சொன்னீர்கள், அவர் சம்மதித்தார், நன்றாகவே தைத்துக் கொடுத்தீர்கள். அதுவரைக்கும் 'ஏமாற்றுக்காரி' என்ற சொல் உங்களுக்குச் சேராது. ஆனால் கடிதத்தில் இல்லாத ஒன்றை மாமியாரிடம் தனியாகக் கேளுங்கள். விலை சொல்லும்போது, 'எல்லோருக்கும் இதே விலைதான்' என்றோ, 'உங்களுக்காகக் குறைத்துத்தான் சொல்கிறேன்' என்றோ அவரிடம் சொன்னாரா? கடைக்காரர்கள் வாயில் தானாக வரும் வாக்கியங்கள் இவை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் திட்டியது நியாயம். இல்லாத விலைச் சலுகையை இருப்பதாகச் சொல்வது மேலே சொன்ன சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவருக்கு 15 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக இல்லை. அவர் தன்னை ஒப்பிட்டுப் பார்த்தது 25 வெள்ளிக்காரரோடு. கொடுக்கும்போது, 'உங்களுக்கு வசதி இருக்கிறது என்று நினைத்தோம்' என்று மட்டும் விளக்கம் சொல்லிவிடாதீர்கள். அது இன்னொரு சண்டைக்கு அழைப்பு. புதுப் பலகையைக் காட்டுங்கள், போதும்.

உங்களுக்கு உண்மையான தலைவலி அவரால் வராது. 25 கொடுத்துப் பழகிய ஐம்பது பேரிடம் இனி 28 என்று சொல்ல வேண்டுமே, அதில்தான் வரும். முதல் இரண்டு மாதம் முணுமுணுப்பு இருக்கும், ஓரிருவர் வேறு கடை பார்க்கவும் கூடும். அந்த வேலையை மாமியாரிடமே விட்டுவிடுங்கள். முகத்தைப் பார்த்து விலை சொல்லிப் பழகியவர் உங்கள் வீட்டில் அவர்தான்.